ஒன்பது வினாடித் தண்ணீர்

பம்மலுக்கும் பொழிச்சலூருக்கும் நடுவே, மொட்டைமாடிக் கொடியில் காயும் வேட்டிகளை உரசிவிடுமோ என்று பயப்படும் அளவுக்கு விமானங்கள் தாழ்ந்து இறங்கும் இடத்தில், தேன்மொழி பிளாட்ஸ் என்று ஒரு குடியிருப்பு உண்டு. தரைத்தளத்தில் எட்டு வீடுகள், மேலே மூன்று மாடிகளில் இருபத்துநான்கு வீடுகள், எல்லோருக்கும் பொதுவாகத் தரைக்கடியில் ஒரு தண்ணீர்த்தொட்டி, சம்ப். அந்த வருஷத்து மே மாதத்தில் சம்ப்பின் மூடியைத் திறந்து எட்டிப்பார்த்தவர்களுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் கப்பும் ஒரு செத்த கரப்பானும்தான் தெரிந்தன.

இரண்டாம் மாடியில் குடியிருந்தாள் பியூலா. முப்பத்தாறு வயது, தனியாள், வாடகை வீடு. விமான நிலையத்துக்குப் போகும் சாலையிலுள்ள ஒரு ஹோட்டலில் வாரத்துக்கு நான்கு மாலை, சாப்பிட வருகிறவர்களுக்காகக் கிதார் வாசித்துப் பாடுவாள். முன்பு அவளோடு கீபோர்டுக்கு ஒருவர், தபலாவுக்கு ஒருவர் இருந்தார்கள். இனி ஒருவர் போதும் என்று ஹோட்டல்காரர்கள் சொல்லிவிட, ஒருத்தியே மூன்று பேராக ஒலிக்கவேண்டிய கட்டாயம் வந்து, ரிச்சி தெருவின் ஒரு சந்தில் பழைய சாமான்களுக்கு நடுவிலிருந்து ஒரு லூப் பெடலை வாங்கிவந்தாள். காலால் ஒருமுறை மிதித்தால் நாம் வாசிப்பதைப் பிடித்துக்கொள்ளும், மறுபடி மிதித்தால் பிடித்ததைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிடும், அதன்மேல் நாம் வேறொன்று வாசிக்கலாம். பெடல் என்றால் அவ்வளவுதான்.

ஆனால் இந்தப் பெடலில் நான்கு குமிழ்கள் இருந்தன. நான்கும் ஒரே கறுப்பு, ஒரே பருமன். எதன்மேலும் எழுத்து இல்லை, எண் இல்லை, எவ்வளவு திருகியிருக்கிறோம் என்று காட்டும் கோடுகூட இல்லை. ஒவ்வொன்றின் கீழும் நகக்கண் அளவில் ஒரு படம் மட்டும்: பாதி நிலா, நத்தை, மீன், மூடிய கதவு. நிலாவை வலப்பக்கம் திருகினால் ஒருநாள் சத்தம் கூடியது, மறுநாள் அதே திருகலில் சத்தம் குறைந்தது. காலால் மிதித்தபடி திருகினால் ஒரு வேலை, மிதிக்காமல் திருகினால் வேறு வேலை. கடைக்காரரிடம் திரும்பப் போய்க் கேட்டாள்.

"இதுல எந்த நாப் எதுக்குண்ணே?"

"அது வாசிக்கிறவங்களுக்குத்தான் மேடம் தெரியும்," என்றார் அவர், வேறொருவருக்கு ஒயர் அளந்தபடியே.

ஒரு நோட்டு போட்டு, திருகியதையும் நடந்ததையும் பியூலா எழுதிவந்தாள். பதினோரு பக்கம் எழுதியும் ஒரு பக்கம் சொன்னதை அடுத்த பக்கம் மறுத்தது. ஹோட்டலில் நாலு பேர் முன்னால் அதன்மேல் காலை வைக்குமுன் அந்த நோட்டை ஒருமுறை புரட்டிப் பார்த்துக்கொள்வாள்.

நான்கு நாள் வறட்சிக்குப் பிறகு, ஒரு வியாழக்கிழமை பகல் பதினொரு மணிக்குத் தண்ணீர் லாரி வந்தது. பியூலா ஜன்னலைத் திறந்துவைத்து, மைக்கையும் திறந்துவைத்துப் பயிற்சி செய்துகொண்டிருந்தாள். பெடலை மிதித்து, நான்கு ஸ்வரக்கட்டுகளை, அதாவது நான்கு கார்டுகளை வாசித்து, ஒன்பது வினாடி கழித்து மறுபடி மிதித்தாள். அந்த ஒன்பது வினாடிக்குள், கிதாரோடு சேர்ந்து, கீழே லாரியின் தடித்த குழாயிலிருந்து காலி சம்ப்புக்குள் தண்ணீர் விழும் ஓசையும் மாட்டிக்கொண்டது. பியூலா ஓசையை நிறுத்த மிதித்தாள். நிற்கவில்லை. பிளக்கைப் பிடுங்கினாள். பேட்டரி போட இடமே இல்லாத அந்தப் பெட்டி, ஒயர் எதுவும் இல்லாமல் தரையில் கிடந்தபடி, கிதாரும் தண்ணீருமாக ஒன்பது வினாடிக்கு ஒருமுறை தொடக்கத்துக்குத் திரும்பி ஒலித்துக்கொண்டே இருந்தது. லாரி போய்விட்டது. சம்ப்பில் தண்ணீர் விழுவது நிற்கவில்லை.

முதலில் பார்த்தது தரைத்தளத்தில் ரவிக்கை தைக்கும் ரஹ்மத்துன்னிசா. ஐம்பது வயதுக்காரி. அவள் கணவர் காதர், பைக்கிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து மூன்று மாதமாகக் கட்டிலில் கிடந்தார். அவருக்கு உடம்பு துடைக்க ஒரு வாளி எடுக்கப் போனவள், குழாயே இல்லாத இடத்திலிருந்து விரல் தடிமன் தண்ணீர் சம்ப்புக்குள் விழுவதைக் கண்டு, ஒரு வாளி மொண்டாள். பின் இரண்டாவது வாளியும் மொண்டுகொண்டு, செயலாளர் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

செயலாளர் வைத்தியலிங்கம் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், முதல் மாடி. வந்து பார்த்தார், தண்ணீரைக் கையில் ஏந்தி முகர்ந்தார், ஒரு வாய் குடித்தார். "உப்பு இல்லை," என்றார். மாலைக்குள் நோட்டீஸ் பலகையில் அவர் கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டப்பட்டது: இரண்டாம் மாடி மூன்றாம் எண் வீட்டில் ஒலித்துக்கொண்டிருக்கும் சாதனத்தை யாரும் தொடவோ நகர்த்தவோ கூடாது.

யாருக்கும் பெரிய வியப்பில்லை. லாரி எப்போது வரும் என்பதை யாராலும் சொல்ல முடியாத ஊரில், வராமலே தண்ணீர் விழுவதையும் அந்தக் கணக்கிலேயே வைத்துக்கொண்டார்கள். தலைக்குக் குளித்தார்கள், திரைச்சீலைகளைத் துவைத்தார்கள், மூன்றாம் மாடித் திலகவதி, கைக்குழந்தைக்காரி, மூட்டைகட்டி வைத்திருந்த துணி முழுவதையும் ஒரே நாளில் அலசிக் கைப்பிடிச் சுவர் நெடுகக் காயப்போட்டாள். பக்கத்துத் தெருக்காரர்கள் குடங்களோடு வந்தார்கள். வந்தவர்களுக்கு வைத்தியலிங்கம் டோக்கன் கொடுத்தார். நாட்கள் போகப்போக அந்த ஓசை வீடுகளின் சுவர்களில் இறங்கி, ஆட்களின் மூச்சிலும் இறங்கியது, சண்டை போடுகிறவர்கள் நான்காம் ஸ்வரக்கட்டு வரும்போது தானாக நிறுத்தி, முதலாவது வந்ததும் தொடர்ந்தார்கள், தோசை திருப்புகிறவர்கள் மூன்று சுற்றுக்கு ஒருமுறை திருப்பினார்கள், தொலைபேசியில் பேசினால் எதிர்முனையில் இருப்பவர்கள், "ஏன் இப்படி விட்டுவிட்டுப் பேசுறீங்க?" என்று கேட்டார்கள்.

பியூலாவுக்கு மட்டும் நிம்மதி போயிற்று. வீட்டில் வேறு பாட்டு வாசிக்க முடியவில்லை, விரல்கள் அந்த நான்கிலேயே போய் நின்றன. ஹோட்டலில் ஒருநாள் வேறு பாட்டுக்கு நடுவே அவளையறியாமல் அதே நான்கை அரைமணி நேரம் வாசிக்க, மேலாளர் அவளைக் கொஞ்சநாள் ஓய்வெடுக்கச் சொன்னார். பெடலின்மேல் தூசி விழாமல் ஒரு பருத்தித்துண்டைக் கூடாரம் போலக் கட்டி, அதைக் கடக்கும்போதெல்லாம் சுவரோரமாக, புடவையை இழுத்துப் பிடித்துக்கொண்டு நடந்தாள். யாராவது ஒரு விரல் பட்டு நான்கில் ஏதோவொன்று திரும்பிவிட்டால் என்ன ஆகும் என்பது முப்பத்திரண்டு வீடுகளிலும் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அதாவது, என்ன ஆகும் என்று தெரியாது என்பது அவளுக்குத்தான் தெரியும்.

மூன்றாம் வாரம் அவள் காதில் ஒன்று பட்டது. தண்ணீரின் ஓசை தடித்திருந்தது. ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின்மேல் மெல்லிய ஆடைபோலப் படிந்து, ஒரு குழாய் இரண்டு குழாயாகி, இரண்டு மூன்றாகிக்கொண்டிருந்தது. பழையது எவ்வளவு தங்கவேண்டும், புதியது எவ்வளவு சேரவேண்டும் என்பதற்கு எந்தப் பெடலிலும் ஒரு குமிழ் இருக்கும். இதிலும் இருக்கத்தான் வேண்டும். நான்கில் எது?

அன்று சாயங்காலமே சம்ப் வழிந்தது. மறுநாள் வண்டி நிறுத்துமிடத்தில் கணுக்கால் தண்ணீர். வைத்தியலிங்கம் மோட்டார் வைத்துத் தெருவுக்கு இறைத்தார், தெருக்காரர்கள் மகிழ்ந்தார்கள். இரண்டு நாளில் மோட்டாரால் ஈடுகொடுக்க முடியவில்லை. தரைத்தள வீடுகளின் வாசற்படி மூழ்கியது. ரஹ்மத்துன்னிசா தையல் மெஷினை மேசைமேல் ஏற்றினாள், காதரின் கட்டில் கால்களுக்கு இரண்டிரண்டு செங்கல் வைத்தாள், அடுத்த நாள் நான்கு நான்காக்கினாள். வாடிக்கையாளர்களின் ரவிக்கைத் துணிகளை எல்லாம் மூட்டையாகக் கட்டி, கட்டிலுக்கு மேலிருந்த மின்விசிறிக் கொக்கியில் கயிறு போட்டுத் தொங்கவிட்டாள்.

மொட்டைமாடியில் கூட்டம் கூடியது.

"நிறுத்திடச் சொல்லுங்க சார்," என்றாள் ரஹ்மத்துன்னிசா. "சுவர்ல கை வச்சா ஈரமா உள்ள இறங்குது. எங்க வீட்டுக்காரரைத் தூக்கிக்கிட்டு நான் எங்க போவேன்?"

"மே மாசத்துல வர்ற தண்ணியை யாராவது நிறுத்துவாங்களா?" என்றாள் திலகவதி. குழந்தை அவள் தோளில் தூங்கியது. "ஒரு மாசம் முந்தி இவனுக்குப் பால்புட்டி கழுவத் தண்ணி இல்லாம நான் அழுதுகிட்டு நின்னேன். அப்ப எனக்காக யாரு கூட்டம் போட்டீங்க?"

இரண்டு பேர் சொன்னதும் உண்மையாக இருந்தது. கைதூக்கச் சொன்னார்கள். தரைத்தளத்தின் எட்டுக் கைகள் ஒரு பக்கம், மேல்மாடிகளின் இருபத்துமூன்று கைகள் மறுபக்கம். பியூலா எந்தப் பக்கத்துக்கும் கைதூக்கவில்லை. மூன்று வாரமாக அவளும் தினமும் இரண்டு வாளி நிறையக் குளித்துக்கொண்டிருந்தாள்.

"நிறுத்த வேணாம், கொஞ்சம் குறைக்கலாம்," என்று வைத்தியலிங்கம் முடித்துவைத்தார். அத்தனை பேரும் பியூலாவின் வீட்டுக்குள் நெருக்கியடித்து நின்று, துண்டை விலக்கி, படங்களுக்கு அர்த்தம் சொன்னார்கள். நத்தை மெதுவாகப் போகும், ஆகவே நத்தை என்றார் ஒருவர். பாதி நிலா என்றால் பாதியாக்கும் என்று அர்த்தம் என்றார் வைத்தியலிங்கம். மீன்தான் தண்ணீர் சம்பந்தப்பட்டது என்றார் இன்னொருவர். கதவைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

"சார், ஒண்ணு மாறினா இன்னொண்ணோட வேலையும் மாறுது," என்றாள் பியூலா. "நான் எழுதி வச்சிருக்கேன். நம்பித் திருக முடியாது."

"எதையாவது ஒண்ணு திருகித்தானேம்மா ஆகணும்?"

பியூலா நத்தையைத் திருகினாள். ஓசை இழுபட்டு, ஒன்பது வினாடி பதினெட்டாகி, கிதார் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் தாழ்ந்தது. சம்ப்பில் விழும் தண்ணீரும் பாதியானது. எல்லோரும் கைதட்டினார்கள். அன்று முழுவதும் பிளாட்ஸில் எல்லோரும் மெதுவாக நடந்தார்கள், காரணமில்லாமல் கண் கலங்கினார்கள், மதியச் சோறு மாலையில் வெந்தது. விடிந்தபோது நத்தை தன் வேலையை மாற்றிக்கொண்டிருந்தது. யாரும் தொடாமலே ஓசை ஒன்பதுக்குத் திரும்பி, அங்கே நிற்காமல் ஐந்துக்கு வந்து, தண்ணீர் ஓடிவந்து விழுந்தது. பதறிப்போய் மீனைத் திருகினாள். கிதார் மறைந்தது. தண்ணீர் மட்டும் மிஞ்சியது. அதுவரை அதைப் பாட்டு என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு அப்போதுதான் அது வெள்ளம் என்று காதில் உறைத்தது. ஆனாலும் மேல்மாடிக் குழாய்கள் நிறைந்தே இருந்தன.

அன்று காலை எட்டரை மணிக்குப் பியூலா கீழே இறங்கிப்போனாள். படிக்கட்டின் கடைசி நான்கு படிகள் தண்ணீருக்குள் இருந்தன. மீதித் தரைத்தளக்காரர்கள் சொந்தக்காரர்கள் வீடுகளுக்குப் போய்விட்டிருந்தார்கள். ரஹ்மத்துன்னிசாவின் வீட்டில் தொடை மட்டம். நூல்கண்டுகள் நிறம் நிறமாக மிதந்தன. கட்டிலின் மெத்தை விளிம்பு நனைந்திருந்தது. சுவரில் மீட்டர் பெட்டிக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு சாண்தான். படுத்திருந்த காதர் தலையைத் திருப்பிப் பார்த்தார்.

"வாம்மா. முன்னாடி வந்துச்சே அந்தக் கிதாரு, அது நல்லா இருந்துச்சு," என்றார். "ஆனா எனக்கு நீச்சல் தெரியாதும்மா."

குறை சொல்வதுபோல் அவர் சொல்லவில்லை. பியூலா, கட்டிலருகே நின்ற ரஹ்மத்துன்னிசாவின் பக்கம் திரும்பினாள்.

"ரஹ்மத்தக்கா, என்கூட மேல வாங்க. உங்க ரெண்டு கை எனக்கு வேணும்."

"இவரை விட்டுட்டா?"

"அஞ்சு நிமிஷம். அதுக்குள்ள முடியலேன்னா நாமளே தூக்கிடுவோம்."

மேலே போனதும் பியூலா கதவைத் தாழிட்டாள். நோட்டின் ஏழாம் பக்கத்தை விரித்துக் காட்டினாள். காலால் மிதித்தபடி இரண்டு குமிழ்களைச் சேர்த்துத் திருகியபோது ஓசை ஒரு கணம், கண்சிமிட்டும் நேரம், அறுந்து மீண்டது என்று எழுதியிருந்தது. நான்கையும் சேர்த்துத் திருகினால் முழுக்க அறுந்துவிடும் என்று அவளுக்குத் தோன்றியிருந்தது. தன்னிடம் இரண்டு கைதான் என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டாள். இன்னொருவரைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. தப்பாகிவிடுமே என்ற பயம் பாதி; சரியாகிவிட்டால் இருபத்துநான்கு வீடுகளின் முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயம் மீதி.

"எந்தப் பக்கம் திருகணும்?" என்றாள் ரஹ்மத்துன்னிசா.

"அதான்க்கா தெரியல. தப்பான பக்கம் போனா இன்னும் ஏறும்."

படியில் காலடிகள் கேட்டன. யாரோ தாழிடும் சத்தத்தைக் கேட்டிருக்கவேண்டும். "பியூலாம்மா, கதவைத் திறங்க," என்று வைத்தியலிங்கத்தின் குரல். "கூட்டத்துல முடிவு பண்ணது எல்லாருக்கும் பொது. உங்க இஷ்டத்துக்கு ஒண்ணும் பண்ணாதீங்க."

பியூலா பெடலை மிதித்தாள். நிலாவையும் நத்தையையும் அவள் பிடித்துக்கொள்ள, மீனையும் கதவையும் ரஹ்மத்துன்னிசா பிடித்தாள். வலப்பக்கம் திருகினார்கள். ஓசை உறுமிக்கொண்டு எழுந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, கீழேயிருந்து ஏதோ மரச்சாமான் இடிபடும் சத்தம் வந்தது, வெளியே திலகவதியின் குழந்தை வீறிட்டு அழுதது. "யா அல்லாஹ், அவரு கீழ இருக்காரு," என்றாள் ரஹ்மத்துன்னிசா. ஆனாலும் கையை எடுக்கவில்லை.

"இடப்பக்கம், அக்கா, இடப்பக்கம்!"

"இரு. அவசரப்படாதே." அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "மெஷின்ல நூல் இறுக்கத்துக்கு ஒரு திருகு இருக்கும், அதுலயும் ஒரு கோடும் கிடையாது. கண்ணால பார்த்தா பிடிபடாது. விரல்ல ஒரு இடத்துல கனக்கும். அங்க நிக்கணும், தாண்டிட்டா நூல் அந்துரும். உன் ரெண்டும் கனக்குதா பாரு."

பியூலாவும் கண்ணை மூடினாள். கதவு இடிபட்டது, பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், தண்ணீர் இரைந்தது. மெல்ல, மிக மெல்ல இடப்பக்கம் திருகிக்கொண்டே வந்தபோது, நிலாவில் ஓரிடத்தில், பழுத்த பழத்துக்குள் கொட்டை தட்டுப்படுவதுபோல் ஏதோ தட்டுப்பட்டது. பின் நத்தையிலும்.

"கனக்குதுக்கா."

"எனக்கும்தான். விட்டுறாதே. காலை எடு."

காலை எடுத்தாள். ஓசை நின்றது.

கதவை இடித்துக்கொண்டிருந்த கைகளும் நின்றன. ஒன்பது வினாடிக்குள் மூச்சுவிடப் பழகியிருந்தவர்களுக்கு எங்கே மூச்சை முடிப்பது என்று தெரியவில்லை, ஏதோ சொல்ல வாயெடுத்தவர்களுக்கு எவ்வளவு நீளம் சொல்லலாம் என்று தெரியவில்லை. தேன்மொழி பிளாட்ஸ் முழுவதும், வாசலில் நின்றவர்களும் சமையலறையில் நின்றவர்களும், அப்படியே நின்றார்கள். முதலில் அசைந்தது ரஹ்மத்துன்னிசா. கதவைத் திறந்து, அத்தனை பேரையும் விலக்கிக்கொண்டு, வழுக்கும் படிகளில் கீழே ஓடினாள். காதர் கட்டிலிலேயே இருந்தார். மேசை கவிழ்ந்து மெஷின் தண்ணீருக்குள் போயிருந்தது. அவர் கொக்கியில் தொங்கிய ரவிக்கை மூட்டையை எட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார், முகவாய் வரை ஈரம். நான்கு ஆண்கள் சேர்ந்து அவரைக் கட்டிலோடு முதல் மாடிக்குத் தூக்கினார்கள். வைத்தியலிங்கம் தன் கூடத்தைக் காலி பண்ணிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, படியேறிவந்து பியூலாவிடம், "இப்படிப் பண்ணியிருக்கக் கூடாதும்மா," என்றார்.

தண்ணீர் வடிய இரண்டு நாள் ஆயிற்று. தரைத்தளச் சுவர்களில் இடுப்பு மட்டத்துக்கு ஒரு பழுப்புக்கோடு தங்கிவிட்டது. ஐந்தாம் நாள் மேல்மாடிக் குழாய்கள் இருமின, ஆறாம் நாள் காற்று மட்டும் வந்தது. மே முடிய இன்னும் இருந்தது, ஜூன் அதற்குமேல் இருந்தது. பக்கத்துத் தெருக்காரர்கள் வாசலில் வந்து நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப்போனார்கள். பியூலாவோடு மேல்மாடிக்காரர்கள் யாரும் பேசவில்லை. வைத்தியலிங்கம் மட்டும் இரண்டு முறை வந்து, அதைத் திரும்ப ஓடவைக்க முடியுமா, கொஞ்சமாக, ஒரு விரல் அளவுக்கு, என்று கேட்டார்.

"எங்க நிறுத்தினோம்னு எனக்கே தெரியாது சார்," என்றாள் அவள். அது உண்மை. பெடலை அவள் பழைய பெட்டிக்குள் வைத்து மேல்தட்டில் போட்டிருந்தாள். அதைத் தொட்டுப்பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை. ஹோட்டலுக்கு ஒற்றைக் கிதாரோடு போனாள். அது போதுமா போதாதா என்று மேலாளர் இன்னும் சொல்லவில்லை.

லாரி மறுபடி வரத் தொடங்கியது, நினைத்தபோது. வருகிற நாளில் சம்ப்பிலிருந்து மேலேற்ற மோட்டார் இல்லை. வெள்ளத்தில் அது எரிந்துபோயிருந்தது. குடத்தில்தான் சுமக்கவேண்டும். முதல் நாள் பியூலா தனக்கு ஒரு குடம் எடுத்துக்கொண்டு ஏறும்போது, திலகவதி ஒரு இடுப்பில் குழந்தையும் மறு இடுப்பில் குடமுமாக இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கினாள். பியூலா கை நீட்டினாள். திலகவதி கொடுக்கவில்லை. மறுநாள் பியூலா கேட்கவில்லை. அதிகாலையில் லாரி வந்ததும் இரண்டு குடம் நிரப்பி, மூன்றாம் மாடிக்கு ஏறி, திலகவதியின் வாசலில் வைத்துவிட்டு இறங்கினாள். பிறகு பக்கத்து வீட்டுக்கு. பின் அதற்கடுத்த வீட்டுக்கு. கதவுகள் அவள் இறங்கிய பிறகு திறந்தன, குடங்கள் உள்ளே போய்க் காலியாகி வெளியே வந்தன. ரஹ்மத்துன்னிசா கீழே நின்று மொண்டு கொடுத்தாள். "உன் முதுகு போயிடும்டி," என்றாள். பியூலா சிரித்துவிட்டுத் தூக்கிக்கொண்டாள்.

ஜூன் நடுவில் ஒருநாள், குடத்தை வைக்கக் குனிந்தபோது கதவு திறந்தே இருந்தது. திலகவதி நின்றிருந்தாள். குழந்தை அவள் காலைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகிக்கொண்டிருந்தது.

"உன் இடத்துல நான் இருந்தா நிறுத்தியிருக்க மாட்டேன்," என்றாள் திலகவதி. அவள் குரலில் கோபம் இல்லை, மன்னிப்பும் இல்லை. "அவரு கட்டில் முங்கினாலும் நிறுத்தியிருக்க மாட்டேன். எனக்கு இவன்தான் தெரிஞ்சிருப்பான். அதைச் சொல்லிடணும்னு தோணுச்சு."

"தெரியும்க்கா," என்றாள் பியூலா.

குடத்தைத் தளும்பாமல் தரையில் வைத்தாள். திலகவதி அதைத் தூக்கி உள்ளே கொண்டுபோய்க் காலி செய்து, திரும்பிவந்து, இந்த முறை தரையில் வைக்காமல் அவள் கையில் கொடுத்தாள். லாரி இன்னும் கால்மணி நேரம்தான் நிற்கும். பியூலா அடுத்த குடத்துக்கு இறங்கிப்போனாள்.